ரோல் டேக்கில் லாட் நம்பர் இருக்கிறதா?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவள், இப்போது முழுநேரமும் டிரேசபிளிட்டி வேலைதான் பார்க்கிறேன். பையர் ஒரு டி-ஷர்ட்டைக் காட்டி, இதன் பஞ்சு எங்கே விளைந்தது, நூல் எந்த மில்லில் திரித்தது, துணி எங்கே ஓடியது (அதாவது பின்னியது), சாயம் எந்தப் பட்டறையில் போட்டார்கள், அதற்கு எவ்வளவு தண்ணீர் செலவானது என்று கேட்டால் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லா இருக்குங்க?" என்றுதான். சாஃப்ட்வேருக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் விலை, தரம், டெலிவரி தேதி, இந்த மூன்றோடு பையரின் கேள்விகள் முடிந்துவிடும். இப்போது பையரை அவருடைய நாட்டுச் சட்டமே கேள்வி கேட்கிறது. அமெரிக்காவில் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. துணியில், உய்குர் மக்கள் வாழும் சீனப் பகுதியான சின்ஜியாங்கின் பஞ்சு கலந்திருக்கலாம் என்று சுங்கத்துறைக்குச் சந்தேகம் வந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். கலக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. அவர் பேல் (பஞ்சுப் பொதி) ரசீதிலிருந்து தையல் ரெக்கார்டு வரை நம்மிடம்தான் கேட்பார். பிரான்ஸில் 2023 ஜனவரி முதல் பெரிய நிறுவனங்கள், துணி எந்த நாட்டில் நெய்யப்பட்டது அல்லது பின்னப்பட்டது, எங்கே சாயமேறியது, எங்கே தைக்கப்பட்டது என்று வாங்குகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18 அன்று அமலுக்கு வந்தது. பொருளுக்குப் பொருள் அதன் விவரங்களைத் தாங்கிய டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற ஏற்பாடு அதில்தான் இருக்கிறது, ஜவுளியும் முதல் வரிசையிலேயே இருக்கிறது. ஆக, இது ஏதோ ஒரு பையரின் தனி ஆசை என்று நினைத்து ஒதுக்கிவிட முடியாது.

ஒரு டி-ஷர்ட் நம்மிடம் வந்து சேரும் பாதையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்திலோ ஒடிசாவிலோ விளைந்த பருத்தி ஜின்னிங்கில் 170 கிலோ பேலாகக் கட்டப்பட்டு, பல்லடம், உடுமலை, திண்டுக்கல் பக்கத்து மில்களுக்கு வருகிறது. மில்லில் பல ஊர்ப் பேல்களைக் கலந்துதான் நூல் ஓட்டுவார்கள். அந்த நூல் திருப்பூருக்கு வந்ததும் ஊருக்குள்ளேயே ஏழெட்டு இடம் சுற்றும். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திவிடுவது), ஆர்டரைப் பொறுத்து பிரிண்டிங், எம்பிராய்டரி, அப்புறம் கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங். எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்டுக்குள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கணக்கு சுலபம். ஆனால் இந்த ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு யூனிட், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு முதலாளி, நடுவில் குட்டியானையில் சரக்கு, சரக்கோடு ஒரு டிசி.

இந்த டிசியை, அதாவது டெலிவரி சலானை, பலர் வெறும் வரிக் காகிதமாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் ஆதாரம். யார் அனுப்பினார், யாருக்கு, என்ன வேலைக்கு, எந்தத் தேதியில், எத்தனை ரோல், எத்தனை கிலோ என்று எல்லாமே அதில் இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் ஜாப் ஒர்க் சரக்குக்கு டிசி இல்லாமல் வண்டி நகராது. மறுவருஷம் ஈ-வே பில்லும் வந்தது. ஆக, டிரேசபிளிட்டிக்குத் தேவையான தகவலில் பெரும்பகுதியை இந்த ஊர் ஏற்கெனவே தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. விடுபடுவது பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம், லாட் நம்பர், அதாவது ஒரே தொகுதியாக ஓடிய நூலுக்கு மில் கொடுக்கும் எண். "கிரே துணி, 14 ரோல், 322 கிலோ" என்று இருக்கும் (கிரே என்றால் சாயம் போடாதது). எந்த நூல் லாட்டில் ஓடிய துணி என்பது இருக்காது. புது சாஃப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால் டிசி புத்தகத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்த்து அச்சடிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அதிகப் பலன் கொடுத்த மாற்றம் அதுதான், செலவென்று பார்த்தால் அச்சுக்கூலி மட்டும்தான்.

சங்கிலி எங்கே அறுகிறது என்று தேடிப்போனால் அநேகமாக எல்லா முறையும் சாயப்பட்டறை வாசலில்தான் போய் நிற்போம். காரணம் எளிது. நிட்டிங்கிலிருந்து வரும் ரோல் ஒவ்வொன்றிலும் ஒரு டேக் இருக்கும், அதில் பார்ட்டி பெயர், நூல், லாட், எடை எழுதியிருக்கும். பட்டறையில் ரோலைப் பிரித்ததும் டேக் போய்விடும். பத்துப் பதினைந்து ரோல்களை முனையோடு முனை கோத்து, நீளமான கயிறு போலாக்கி மெஷினுக்குள் விடுவார்கள். வெளியே வரும்போது எல்லாம் ஒரே நிறம். பிழிந்து, காயவைத்து, காம்பாக்டிங் போட்டுத் திரும்பச் சுற்றும்போது ரோல்களின் எண்ணிக்கையும் மாறியிருக்கும், எடையும் மாறியிருக்கும். ஆர்கானிக் நூல் துணியும் சாதாரண நூல் துணியும் ஒரே நிறத்தில் ஒரே நாளில் ஓடியிருந்தால், கண்ணால் பார்த்துப் பிரிக்க எந்த வழியும் கிடையாது.

இதற்குப் பட்டறைக்காரர்களே ஒரு பழைய வழி வைத்திருக்கிறார்கள். கிரே துணியின் இரண்டு முனையிலும் சாயத்தில் கரையாத மார்க்கரால் லாட் நம்பரை எழுதிவிடுவது. வெளிர் நிறங்களுக்கு இது போதும். கறுப்பு, நேவி போன்ற அடர் நிறங்களில் எழுத்து மறைந்துவிடும். ஒரு டையிங் மாஸ்டர்தான் அதற்கு வழி காட்டினார்: முனையில் வெள்ளை பாலியஸ்டர் நூலால் அடையாளத் தையல் போட்டு அனுப்புங்கள் என்றார். காட்டனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. முழுத் துணியும் கறுப்பாக வரும், அந்தத் தையல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். முதல் லாட்டுக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு கோடு. தமிழ், இந்தி, ஒடியா என்று பல மொழி பேசும் ஆட்கள் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், படிக்கத் தேவையில்லாத இந்தக் கோடு எந்த லேபிளையும்விட நன்றாக வேலை செய்கிறது. காம்பாக்டிங் முடிந்து ரோல் சுற்றும் மேஜையில் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். இந்த அடையாளம் இல்லாமல் ஒட்டினால் ஸ்டிக்கரில் இருப்பது ஊகமாகத்தான் இருக்கும். அதை ஸ்கேன் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பினாலும் ஊகம் ஊகம்தான்.

அடுத்தது எடைக் கணக்கு. இதைப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் காகிதத்திலேயே போட்டுக் காட்டுவேன். 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போனால் ஒன்றிரண்டு சதவீதம் கழிவு, சுமார் 985 கிலோ கிரே துணி வரும். சாயம், ஃபினிஷிங் முடிந்தால் இன்னும் ஆறேழு சதவீதம் குறையும், ஏறக்குறைய 920 என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங்கில் 12 முதல் 15 சதவீதம் வேஸ்ட் விழும். பீஸாக மாறும்போது 800 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். துணி ரகம், நிறம், வேஸ்ட் குறையும்படி வெட்டும் வரைபடம் போடும் திறமை இவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் கூடும் குறையும், ஆனால் ஒரு எல்லைக்குள்தான். ஒரு யூனிட் 1,000 கிலோ ஆர்கானிக் நூல் வாங்கி 950 கிலோ ஆர்கானிக் பீஸ் அனுப்பியதாகக் கணக்குக் காட்டினால், நடுவில் வேறு நூல் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்கானிக் ஜவுளிக்கான காட்ஸ் (GOTS) தரச்சான்றுக்கு வரும் ஆடிட்டர்கள் முதலில் பார்ப்பதும் இந்தக் கூட்டல் கழித்தலைத்தான். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் வந்த எடை, போன எடை, கழிவு எடை மூன்றையும் அந்தந்தக் கட்டம் முடிந்த அன்றே ஒரு வரியில் போட்டுவிடுங்கள். ஷிப்மெண்ட் முடிந்தபின் உட்கார்ந்து போட்டால் எல்லா எண்களும் அழகாகப் பொருந்திவிடும், ஏனென்றால் எழுதுகிற கை தானாகவே பொருத்திவிடும். கொஞ்சமும் வித்தியாசம் இல்லாத கணக்கைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

கியூஆர் கோடு இருந்தாலே உண்மை என்று நம்புகிறவர்களுக்கு 2020-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அக்டோபரில் காட்ஸ் அமைப்பே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவில் போலி டிரான்சாக்ஷன் சர்டிஃபிகேட்டுகளை (சரக்கு கைமாறும்போது தரும் சான்று) காட்டி சுமார் 20,000 டன் பஞ்சு ஆர்கானிக் என்று விற்கப்பட்டிருந்தது. அந்தப் போலிச் சான்றிதழ்களிலும் கியூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால், மத்திய அரசின் ஏற்றுமதி அமைப்பான அபெடாவின், ஆர்கானிக் பொருளைத் தடம் பார்க்கும் டிரேஸ்நெட் தளத்தைப் போலவே உருவாக்கிய போலித் தளத்துக்குக் கொண்டுபோனது. பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் வந்தது. சான்றிதழில் இருக்கும் கோடை ஸ்கேன் செய்து சரிபார்ப்பதில்லை. சான்று கொடுத்த அமைப்பின் தளத்துக்கு முகவரியை நாமே டைப் செய்து போய், அங்கே நம்பரைத் தேடுவோம். ஸ்கோப் சர்டிஃபிகேட் (ஒரு யூனிட்டுக்கே தரும் சான்று) என்றால் அதன் செல்லுபடித் தேதியையும் பார்க்க வேண்டும், அது வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய ஒன்று. அதில் எந்தெந்த வேலைக்கு அனுமதி இருக்கிறது என்றும் பாருங்கள். நிட்டிங்குக்கு மட்டும் சான்று வைத்திருக்கும் யூனிட், டையிங்கையும் தன் பெயரில் பில் போட்டால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிடும்.

பிளாக்செயின் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு பையர் அப்படி ஒரு தளத்தை எங்களுக்குக் கொடுத்தார். ஒருமுறை ஏற்றிய தகவலை யாரும் மாற்ற முடியாது என்பது அதன் சிறப்பு. அது உண்மைதான், அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏற்றும்போதே தவறாக ஏற்றினால் அந்தத் தவறும் மாறாமல் அப்படியே இருக்கும். அந்தத் தளத்துக்கு மாதக் கடைசியில் எக்ஸலிலிருந்து மொத்தமாக ஏற்றுகிற யூனிட்களைப் பார்த்திருக்கிறேன். ரோல் வெட்டித் தைத்து ஏற்றுமதியாகி இரண்டு வாரம் ஆனபின் அதன் லாட் விவரத்தைப் பதிவு செய்வதை என்னால் டிரேசபிளிட்டி என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்னொன்று, இந்த மாதிரித் தளங்களுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் மதிப்பு. மெர்ஸ்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கப்பல் சரக்கு ஆவணங்களை பிளாக்செயினில் கொண்டுவந்த தளம். தொழில்நுட்பத்தில் குறையில்லை, பணபலத்திலும் குறையில்லை. தொழில் முழுவதும் ஒத்துழைத்து வரவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே அப்படி என்றால், நாற்பது நிட்டிங் மெஷின்காரர்களையும் பத்துப் பட்டறைகளையும் ஒரு தளத்துக்குக் கொண்டுவருவது மிரட்டலாலோ மெயிலாலோ நடக்காது.

அது எப்படி நடக்கும் என்று எனக்குப் புரியவைத்தவர் மங்கலம் ரோட்டில் நிட்டிங் வைத்திருக்கும் ஒரு பெரியவர். லாட் வாரியாக விவரம் கேட்டதும் அவர் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, நான் யார் யாருக்கு ஓட்டறேன்னு உங்க கம்பெனிக்கு எதுக்குங் தெரியோணும்? நாளைக்கு அந்தப் பார்ட்டியவே நீங்க நேரா புடிச்சுக்கிட்டா நான் என்னங் பண்றது?"

நியாயமான பயம். அதற்கு என்னிடம் இருந்த பதில் இதுதான்: "உங்க மத்த பார்ட்டி விவரம் ஒண்ணும் வேண்டாங்க. எங்க நூல் எந்த மெஷின்ல, எந்தத் தேதியில ஓடுச்சு, எத்தனை கிலோ வந்துச்சு, அவ்வளவுதாங்க."

அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டது பிறகுதான், பில் விஷயத்தில். ஜாப் ஒர்க்காரர்களுக்கு எங்களைப் போன்ற கம்பெனிகளிடம் இருக்கும் பெரிய குறை பணம் இழுபடுவதுதான். எடை ஒத்துவரவில்லை, ரோல் குறைகிறது என்று பில் மேஜையிலேயே கிடக்கும். லாட் வாரியாக டிசி வந்து கணக்கு நேரானால் அந்த வாரமே பில் பாஸ் பண்ணிவிடுவது என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்களிடம் பேசி முடிவு செய்தோம். அதற்கப்புறம் நாங்கள் யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை. டிசியை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றோம். எங்கள் பக்கம் ஒரு பெண் அதைப் பார்த்து சிஸ்டத்தில் ஏற்றுவாள். சந்தேகம் இருந்தால் வாய்ஸ் மெசேஜில் கேட்பாள். ஆப் எல்லாம் மெதுவாக வந்தது, அதுவும் தமிழில் இருந்ததால்தான் வந்தது. தகவல் கொடுக்கிறவருக்கு அந்தத் தகவலால் என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை இந்தத் துறையில் யாரும் போதுமான அளவு கேட்பதில்லை என்பது என் வருத்தம். பையர் எங்களைக் கேட்கிறார், நாங்கள் பட்டறையைக் கேட்கிறோம், பட்டறைக்காரர் மில்லைக் கேட்கிறார். பதில் மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது, கீழே ஒன்றும் இறங்குவதில்லை.

இனி தண்ணீர். திருப்பூரில் இருந்துகொண்டு சஸ்டெய்னபிளிட்டி (சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்தி) பற்றிப் பேசுகிறவர்கள் நொய்யலை விட்டுவிட்டுப் பேச முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரிக்குப் போகிற ஆறு அது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகளுக்கு அந்தத் தண்ணீரே வேண்டாம் என்றாகிப் போனது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006-இல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு, அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவு. பட்டறைகள் நின்ற அந்த மாதங்களில் ஊர் பட்ட பாட்டை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் ஆர்ஓ, எவாப்பரேட்டர், உப்பு மீட்பு என்று ஜீரோ டிஸ்சார்ஜ் முறை உண்மையாகவே நிலைபெற்றது. எந்தப் பையரும் கேட்பதற்கு முன்னாலேயே, விவசாயிகள் கேட்டதால் வந்த மாற்றம் இது. பையர்களின் பிரசன்டேஷன்களில் இந்தப் பகுதி வருவதே இல்லை, வர வேண்டும் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீட்டரும் சென்சாரும் இங்கே என்ன செய்கின்றன? கழிவுநீர் நிலையங்களில் ஃப்ளோ மீட்டர் வைத்து, உள்ளே போனது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அது கண்காணிப்பு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பட்டறைக்குள்ளேயே, மெஷின் வாரியாகத் தண்ணீர் மீட்டர் இருப்பது. மாதக் கடைசியில் மொத்தத் தண்ணீரை மொத்தக் கிலோவால் வகுத்து ஒரு சராசரி சொல்வது, தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் கணக்கைக் கேட்கும் ஹிக் எஃப்இஎம் கேள்வித்தாளை நிரப்ப உதவும். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு பட்டறையில் எதையும் மாற்ற முடியாது. லாட் வாரியாகப் பார்த்தால்தான் எந்த இடத்தில் வீணாகிறது என்று தெரியும்.

எங்களுக்கு அப்படித் தெரியவந்தது ரீ-டையிங் விஷயம். 300 கிலோ லாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு ஆறு லிட்டர் என்ற விகிதத்தில் ஓடும் மெஷின் என்றால் ஒரு தடவை நிரப்ப 1,800 லிட்டர். ஸ்கவரிங், பிளீச்சிங், சாயம், வாஷ், சோப்பிங் எல்லாம் சேர்த்து பத்துத் தடவை நிரப்பி இறக்கினால் 18,000 லிட்டர். சாயம் போடும்போது லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றால் 90 கிலோ உப்பு. ஷேட் (நிறச்சாயல்) ஒத்துவரவில்லை என்று அந்த லாட்டைத் திரும்பப் போட்டால் இதில் பெரும்பகுதி மறுபடியும் செலவாகும், ஆவியும் கரண்டும் தனி. அந்தக் கழிவை எவாப்பரேட்டரில் வற்ற வைக்க மறுபடியும் விறகு எரியும். சஸ்டெய்னபிளிட்டி ரிப்போர்ட்டில் எல்.இ.டி. பல்பு மாற்றிய கதையை ஒரு பக்கம் எழுதுகிறார்கள். ஒரு லாட் முதல் முறையிலேயே சரியாக வந்தால் மிச்சமாகும் தண்ணீரின் பக்கத்தில் வைக்கக்கூட அதற்குத் தகுதியில்லை.

ரீ-டையிங் ஏன் வருகிறது என்று லாட் வாரியாகப் பார்த்தபோது, சாயத்தில் தவறு என்று நினைத்திருந்த பலவற்றுக்கு நூல்தான் காரணமாக இருந்தது. ஒரே ஆர்டருக்கு இரண்டு மில் லாட் நூலைக் கலந்து ஓட்டிய துணியில்தான் ஷேட் அதிகம் பிரிந்தது. வேறு வேறு பஞ்சு, வேறு வேறு மாதிரி சாயம் குடிக்கும். பையர் கேட்கிறாரே என்று டிசியில் சேர்த்த அந்த லாட் நம்பர் கட்டம்தான் இதைக் கண்டுபிடிக்க உதவியது. டிரேசபிளிட்டி ஒருபக்கம், தண்ணீர்ச் சிக்கனம் இன்னொரு பக்கம் என்று நான் அதுவரை தனித்தனி ஃபைலில் வைத்திருந்தவை அதற்குப் பிறகு ஒரே ஷீட்டுக்கு வந்துவிட்டன. இப்போது ஒரு ஷேடுக்கு ஒரே நூல் லாட் என்று பிளானிங்கிலேயே பிரித்துவிடுகிறோம். லாட் மாறினால் அந்த லாட் துணியிலேயே புதிதாக லேப் டிப் (சிறு துண்டில் சாயம் போட்டுப் பார்க்கும் மாதிரி) போடச் சொல்கிறோம். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் கிடைத்த எண்ணை அனுப்பி ஷேட் அப்ரூவல் வாங்குவதற்கும் சில பையர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். துணித்துண்டை கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்கள் அதில் மிச்சம். சாயப்பட்டறை மாஸ்டர்களுக்கு இந்தக் காத்திருப்பு பெரிய தலைவலி, கடைசி நேர அவசரத்தில் ஓட்டுகிற லாட்தான் பெரும்பாலும் தப்பாகும்.

ஜீரோ டிஸ்சார்ஜ் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுக்க அது கட்டாயம் தேவை, அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் அதற்கு மின்சாரமும் விறகும் ஏராளமாகத் தேவைப்படுகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு ஷெட்டுகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. கார்பன் கணக்கை மட்டும் பார்க்கும் ஒரு டேஷ்போர்டு, கழிவை லேசாகச் சுத்திகரித்து வெளியே விடும் வேறு நாட்டுப் பட்டறையை எங்கள் பட்டறையைவிடப் பசுமையானது என்று காட்டிவிடும். பையரின் சஸ்டெய்னபிளிட்டி டீமோடு பேசும்போது தண்ணீர், உப்பு, கார்பன் மூன்றையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். இங்கே பல ஏற்றுமதியாளர்கள் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கிறார்கள், அந்த மின்சாரக் கணக்கையும் சேர்த்துக் காட்டுங்கள். கேட்கவில்லையே என்று விட்டுவிட்டால் நம் எண்ணை அவர்களுடைய மாடல் ஒரு பொதுச் சராசரியால் நிரப்பிக்கொள்ளும். அந்தச் சராசரியில் நொய்யலுக்காக இந்த ஊர் போட்ட முதலீடு எதுவும் தெரியாது.

போர்ட்டல்களின் எண்ணிக்கை ஒரு தனித் துன்பம். ஒரே மாதத்துக் கரண்ட் பில்லை வேறு வேறு பையருக்காக வேறு வேறு தளத்தில், வேறு வேறு அலகில் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு பையர் தன் தளத்துக்கான சந்தாவையும் எங்கள் தலையிலேயே கட்டினார், பீஸ் விலையில் ஒரு பைசாகூடக் கூட்டித்தரவில்லை. இதை நாங்கள் ஒரு கம்பெனியாக மட்டும் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது, மூலத் தகவலை நம்முடைய வடிவத்தில், நம்முடைய கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வது. எந்தத் தளமும் மூடலாம், எந்தப் பையரும் போகலாம். யூனிட்டின் பெயரையும் முகவரியையும் எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதும் அவசியம். தொழிற்சாலைகளைப் பட்டியலிடும் ஓப்பன் சப்ளை ஹப் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அடையாள எண்ணை எடுத்து வைத்துக்கொண்டால், ஒரே பட்டறை மூன்று பெயரில் மூன்று பட்டறையாகத் தெரியும் குழப்பம் தீரும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஒரே ஒரு ஸ்டைலில் தொடங்கச் சொல்வேன். பேக்கிங் முடிந்து அடுக்கியிருக்கும் பெட்டிகளில் ஏதாவது ஒன்றைத் திறந்து ஒரு பீஸை எடுங்கள். அதன் கட்டிங் பண்டில் நம்பரிலிருந்து ரோல், ரோலிலிருந்து டையிங் பேட்ச், பேட்சிலிருந்து நிட்டிங் டிசி, அங்கிருந்து நூல் லாட், மில் இன்வாய்ஸ் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். போன் பண்ணிக் கேட்காமல், இருக்கிற காகிதத்தையும் சிஸ்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு. எந்த இடத்தில் போன் எடுக்க வேண்டியிருக்கிறதோ அதைக் குறித்து வையுங்கள். அது பெரும்பாலும் பட்டறை வாசலாக இருக்கும், இல்லையென்றால் கட்டிங் மேஜையாக இருக்கும்: துணி விரிக்கும்போது பல ரோல்கள் ஒரே லேயில் (ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த அடுக்கில்) போகும் என்பதால், எந்த லேயரில் எந்த ரோல் என்று லே ஷீட்டில் எழுதாவிட்டால் அங்கே கணக்கு விட்டுப்போகும். அந்த ஒரு இடத்தை அடுத்த மாதத்துக்குள் சரிசெய்யுங்கள். அதே வேலையை வேறொரு பெட்டியோடு திரும்பச் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம். எந்தத் தகவல், யார் கையில், எந்த மேஜையில் பிறக்கிறது என்று அவர் கேட்கும்போது சொல்ல உங்களிடம் பதில் இருக்கும்.